இருபத்துமூன்றாம் பக்கத்தால் வந்த விளைச்சல்

அனுப்புநர்:
மு. காசி,
பேருந்து செக்கிங் இன்ஸ்பெக்டர் (ஓய்வு),
வேங்கிக்கால், திருவண்ணாமலை.

பெறுநர்:
ஆசிரியர் அவர்கள்,
'பசுஞ்சால்' வேளாண் மாத இதழ்.

பொருள்: தங்கள் இதழில் வந்த யோசனை பலித்துவிட்டது பற்றிய புகார்.

மதிப்புக்கும் என் ஆண்டுச் சந்தாவுக்கும் உரிய ஐயா,

வணக்கம். தாங்களும் தங்கள் வீட்டாரும் அச்சகத்தில் உழைக்கும் அன்பர்களும் சளி, இருமல் இல்லாமல் இந்த மழைக்காலத்தைக் கடந்துகொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் நலமாக இல்லை. அதற்குக் காரணம் தாங்கள்தான் என்பதை மரியாதையோடு தெரிவித்துக்கொள்ளவே இக்கடிதம். தங்களுக்குப் புகார்க் கடிதம் புதிதாக இருக்காது. சொன்ன மருந்தை அடித்தேன் பூச்சி சாகவில்லை, சொன்ன விதையைப் போட்டேன் முளைக்கவில்லை என்று ஆயிரம் பேர் எழுதுவார்கள். நான் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தவன் இல்லை. தாங்கள் சொன்னபடி செய்தேன், சொன்னபடியே விளைந்துவிட்டது. அதனால் இன்று ஒரு ஊரே என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, பேச ஆரம்பித்தால் விடுவதில்லை.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பத்தொன்பது வருடம் கண்டக்டர், பன்னிரண்டு வருடம் செக்கிங் இன்ஸ்பெக்டர். வேலூர், செஞ்சி, விழுப்புரம் என்று எந்தத் தடத்தில் நான் ஏறினாலும் டிக்கெட் எடுக்காதவன் தானாக எழுந்து நிற்பான். ஓய்வு பெற்றதும் வேங்கிக்கால் புது வீட்டில் பேப்பரும் காப்பியுமாக உட்கார்ந்திருக்கலாம். புத்தி கேட்கவில்லை. என் மனைவி உண்ணாமலையின் ஊர் வெள்ளேரிப்பட்டு, கீழ்பென்னாத்தூரிலிருந்து வேனில் கால் மணி நேரம். அங்கே அவள் தம்பி முருகவேலின் நிலத்தை ஒட்டி ஒன்றரை ஏக்கர் மானாவாரி பூமி வாங்கினேன். முதல் வருடம் காட்டுப்பன்றி தின்றது. இரண்டாம் வருடம் விதை முளைக்கவில்லை. மூன்றாம் வருடம் மழை பெய்யவில்லை. "மாமா வெள்ளாம அவரு ஓட்டின பஸ்ஸு மாதிரி, வந்தா லேட்டு, வரலன்னா பிரேக் டவுனு" என்று முருகவேல் டீக்கடையில் சொல்லி, கடையே சிரித்ததாம். நான் பஸ் ஓட்டவில்லை, டிக்கெட்தான் கொடுத்தேன் என்று திருத்தக்கூட அங்கே ஆளில்லை. அந்த ஊரில் நான் மூன்று வருடமும் மாப்பிள்ளையாக மட்டும்தான் இருந்தேன். விவசாயி என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை, என் மனைவி வாய் உட்பட.

அந்த நேரம் பார்த்துத் தங்கள் வைகாசி இதழ் வந்தது. இருபத்துமூன்றாம் பக்கம். 'தவறும் மழையிலும் தவறாத மணிலா.' எழுதியவர் உழவன்பித்தன் என்று போட்டிருந்தது. நிலக்கடலையை எங்கள் பக்கத்தார் மணிலா என்றும் மல்லாட்டை என்றும்தான் சொல்வோம். அது தெரிந்து எழுதியிருக்கிறாரே என்பதிலேயே நான் விழுந்துவிட்டேன். முதல் மழைக்கு விதைக்காதே, இரண்டாம் மழை வரை பொறு என்றார். பொறுத்தேன். தட்டை நிலத்தில் விதைக்காதே, மேட்டுப்பாத்தி போட்டு இரண்டு பக்கமும் வடிகால் விடு என்றார். விட்டேன். கோழி எருவைத் தாராளமாகப் போடு என்றார். நான் போட்ட தாராளத்தில் மூன்று வேன்காரர்கள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எங்கள் வழியாகப் போனார்கள். நூற்றைந்தாம் நாள் வரை ஒரு செடியைக்கூடப் பிடுங்கிப் பார்க்காதே என்றார். பார்க்கவில்லை. அந்தப் பக்கத்தை அப்படியே வெட்டி, மைதாப் பசை காய்ச்சி, நிலத்துக் கொட்டாய்ச் சுவரில் ஒட்டிவைத்து, தினமும் வாசித்துவிட்டுத்தான் மண்வெட்டியைத் தொட்டேன். ஆடி பிறந்து முதல் மழைக்கு ஊரே ஏர் கட்டியபோது நான் மட்டும் வரப்பில் கைகட்டி நின்றேன். "இன்னாங்க, ஊரே வெதைக்குது, நீங்க இன்னா டைம் கீப்பர் விசிலுக்குக் காத்துனு இருக்கீங்களா?" என்று உண்ணாமலை கேட்டாள். நான் இருபத்துமூன்றாம் பக்கத்தைக் காட்டினேன். அவள் சுவரைப் பார்த்துவிட்டு, சோற்றுத் தூக்கை வரப்பில் வைத்துவிட்டுப் போனாள்.

பிறகு மழை தன் வேலையைக் காட்டியது. ஆவணியிலும் புரட்டாசியிலும் வானம் துடைத்துவிட்டதுபோல் கிடந்தது. ஊர்ப் பயிர் பூவெடுக்கும் நேரத்தில் வாடியது. அதிலும் தப்பிப் பிழைத்துக் காய் பிடித்து, நாளைக்குப் பிடுங்கலாம் என்று ஆள் சொல்லி வைத்திருந்த ஐப்பசியில், பதினோரு நாள் விடாமல் ஊற்றித் தள்ளியது. முற்றிய கொட்டையெல்லாம் மண்ணுக்குள்ளேயே முளைவிட்டுவிட்டது. முருகவேல் ஒரு செடியைப் பிடுங்கினான், ஒவ்வொரு காயிலிருந்தும் வெள்ளை வெள்ளையாக முளை நீட்டிக்கொண்டிருந்தது. எண்ணெய்க்கும் ஆகாது, விதைக்கும் ஆகாது. அடுத்த ஆடிக்கு விதைக்க அந்த ஊரில் யார் வீட்டிலும் ஒரு மூட்டை கொட்டை இல்லை என்பதை நினைத்துப் பாருங்கள். என் பயிரோ இருபது நாள் இளையது. வெயில் காய்ச்சலைத் தாங்கியது, மழையை வடிகாலில் அனுப்பிவிட்டுக் கரும்பச்சையாக நின்றது. ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக என் வேலியோரம் வந்து நின்று பார்த்தார்கள். முருகவேல் தலையில் கைவைத்துக்கொண்டு, "மாமா, உங்க கையில இன்னாவோ இருக்குது" என்றான். நான் பொய் சொல்ல விரும்பவில்லை, ஐயா. அன்று எனக்கு அவன் மேல் இரக்கத்தைவிட என் மேல் பெருமைதான் ஜாஸ்தியாக இருந்தது.

அந்தப் பெருமைக்கு ஆயுள் ஆறு நாள். ஏழாம் நாள் உதவி வேளாண் அலுவலர் அருணாதேவி ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். நல்ல பெண், மழைக்கோட்டுக்குள் ஃபைலை மறைத்து வைத்திருந்தார். "சார், பயிர் அறுவடைப் பரிசோதனைக்கு உங்க சர்வே நம்பர் விழுந்திருக்கு" என்றார். எனக்குப் புல்லரித்தது. ஊருக்கு நாலு வயலைக் குலுக்கல் முறையில் எடுப்பார்களாம். ஒவ்வொன்றிலும் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் விளைந்ததைப் பிடுங்கி எடை போட்டு எழுதிக்கொள்வார்களாம். பன்னிரண்டு வருடம் ஊரைச் செக் பண்ணியவனை இன்று சர்க்கார் செக் பண்ண வருகிறது, பண்ணட்டும், என் விளைச்சல் சர்க்கார் ஏட்டில் ஏறட்டும் என்று நெஞ்சை நிமிர்த்தினேன். "அதுவரைக்கும் யாரும் ஒரு செடியத் தொடக் கூடாது சார், நீங்களும்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் வீட்டுக்குப் போய்ப் பெட்டியிலிருந்து கண்டக்டர் விசிலை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலை பத்துப் பதினைந்து பேர் என் கொட்டாய்க்கு வந்தார்கள். முன்னால் வார்டு மெம்பர் கஸ்தூரி, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். பின்னால் முருகவேல், தரையைப் பார்த்துக்கொண்டு. பாராட்ட வந்திருக்கிறார்கள் என்று நினைத்து உண்ணாமலையிடம் எல்லாருக்கும் டீ போடச் சொன்னேன். சர்க்கரை கம்மியாக இருக்க வேண்டாம் என்றும் சொன்னேன்.

"ணா, ஊருக்கு நீங்க ஒரு ஒதவி பண்ணணும்" என்றார் கஸ்தூரி.

"சொல்லும்மா, எனக்குத் தெரிஞ்ச வெவசாயத்த நாலு பேருக்குச் சொல்றதுல எனக்கு இன்னா கொறஞ்சிடப் போவுது."

"அது இல்லணா. உங்க வெள்ளாம கெட்டுப் போவணும்."

டீ வருவதற்குள் விஷயத்தை விளக்கினார்கள். ஊரே பயிர்க் காப்பீடு கட்டியிருக்கிறது. ஆனால் அதில் தனித்தனி ஆளுக்கு நஷ்டம் பார்ப்பதில்லை, ஊருக்குப் பார்ப்பார்கள். அந்த நாலு வயலின் விளைச்சலைக் கூட்டி வகுத்தால் வருவதுதான் ஊரின் விளைச்சல். அது குறைவாக இருந்தால் எல்லாருக்கும் நஷ்ட ஈடு, இல்லையென்றால் ஒருவருக்கும் இல்லை. மூன்று வயலை ஏற்கெனவே பிடுங்கிப் பார்த்தாகிவிட்டது, மூன்றிலும் சேர்த்து ஒரு முறம் தேறவில்லை. நாலாவது நான். என் வயலில் நான் நினைக்கிறபடி விளைந்திருந்தால் போதும், சராசரி எழுந்து நின்றுகொண்டு, வெள்ளேரிப்பட்டில் இந்த வருடம் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிடும். "உங்களால நூத்தி நாப்பது வூடு போவுது மாமா" என்றான் முருகவேல். அந்த ஊரில் காப்பீடு கட்டாத ஒரே ஆள் நான்தான் என்பதையும் தங்களுக்குச் சொல்லிவிட வேண்டும். இருபத்துமூன்றாம் பக்கத்தை நம்புகிறவன், விளையாது என்று எதற்குக் கட்ட வேண்டும்? ஆக, பயிரைக் கெடுத்தால் ஊர் பிழைக்கும், எனக்கு ஒன்றும் இல்லை. கெடுக்காவிட்டால் எனக்கு மட்டும் விளைச்சல், ஊருக்கு ஒன்றும் இல்லை. "ஊரே சேந்து உங்களுக்குப் பங்கு போட்டுத் தரோம்ணா" என்றார் கஸ்தூரி. எனக்குக் கோபம் வந்துவிட்டது. டிக்கெட் எடுக்காதவன் என் சட்டைப் பையில் நோட்டைத் திணிக்க வந்தபோது எப்படிக் கத்துவேனோ அப்படிக் கத்தினேன். வாழைப்பழத்தைத் திருப்பிக் கொடுத்தேன். டீயை மட்டும் எல்லாரும் குடித்துவிட்டுத்தான் போனார்கள்.

அதோடு விட்டார்களா? மறுநாள் முருகவேலின் ஆடுகள் பதினொன்றும் கயிறு அறுந்துவிட்டதாம், என் வயல் பக்கம் தற்செயலாக வந்தன. பன்றிக்காக நான் சுற்றிலும் உண்ணாமலையின் பழைய புடவைகளை வேலியாகக் கட்டியிருந்தேன். ஆடுகள் பயிரைத் தொடவில்லை, புடவையைத் தின்றன. தின்றதில் ஒன்று பழைய புடவை இல்லை, தவறுதலாக நான் எடுத்துக் கட்டிவிட்ட தங்கை மகள் கல்யாணத்துக்கு அவள் எடுத்த புடவை. அதற்கான விசாரணை என் வீட்டில் இன்னும் முடியவில்லை. அடுத்த நாள் கஸ்தூரி இருபது பெண்களைக் களைக்கொத்தோடு அழைத்துக்கொண்டு வந்து, "பாவம்ணா, ஒண்டியா கஷ்டப்படறீங்க, களை எடுத்துக் கொடுத்துட்டுப் போறோம்" என்றார். பிடுங்கப் போகிற பயிருக்குக் களை எடுக்கிற ஊரை நான் அன்றுதான் பார்த்தேன். விசிலை ஊதினேன். இருபது பேரும் பஸ் நின்றதுபோல் நின்றுவிட்டுச் சிரித்துக்கொண்டே திரும்பிப் போனார்கள்.

யாராவது ஒருவராவது என் பக்கம் பேசட்டும் என்று கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை வியாபாரம் செய்யும் மதார் சாகிப்பை அழைத்துவந்தேன். கண்டக்டர் காலத்திலிருந்து சினேகம். அவர் வேலிக்கு வெளியே நின்று தாடியைத் தடவிக்கொண்டே ரொம்ப நேரம் பார்த்தார். "எப்பிடி பாய்?" என்றேன். "எலை ஜோரா இருக்குது காசி. ஆனா நான் எலை வாங்கற வியாபாரி இல்லியே" என்றார். வியாபாரிகள் விலையைக் குறைக்க இப்படித்தான் பேசுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? முப்பது வருட சினேகத்துக்காக விட்டேன்.

இதெல்லாம் கிடக்கட்டும். போன வெள்ளிக்கிழமை ஊர் அம்மன் கோயிலில் பொங்கல் வைத்தார்கள். எதற்கு என்று நினைக்கிறீர்கள்? என் வயலில் விளையக் கூடாது என்பதற்கு. ஊர் விளைய வேண்டும் என்று படையல் போடுவதை ஐயா தாங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒருவன் வயல் மட்டும் விளையக் கூடாது என்று வரி வசூலித்துப் பொங்கல் வைத்த ஊர் எங்கள் மாவட்டத்திலேயே இதுதான் முதல் என்று நினைக்கிறேன். அதற்கு என்னையும் வந்து அழைத்தார்கள். "உங்க நெலத்துக்காவத்தான படையல், நீங்க இல்லாம எப்பிடிணா?" என்று கஸ்தூரி கொஞ்சம்கூடச் சிரிக்காமல் கேட்டார். போகவில்லை. ஆனால் ரோட்டில் நின்று பார்த்தேன். வரிசையாக முப்பது பானை. அதில் மூன்றாவது பானை எங்கள் வீட்டுப் பித்தளைப் பானை. பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாக வெல்லம் தட்டிக்கொண்டிருந்தவள் என் தர்மபத்தினி. "இன்னாம்மே இது?" என்று கேட்டால், "ஊர்ல எல்லாரும் வெக்கறப்ப நான் மட்டும் வெக்காம இருந்தா நல்லா இருக்குமா?" என்கிறாள். அந்தப் பொங்கலை எனக்கும் ஒரு கிண்ணம் கொண்டுவந்து கொடுத்தாள். நெய் மணத்தது. சாப்பிட்டுவிட்டேன்.

பரிசோதனையாவது சீக்கிரம் முடிந்தால் நிம்மதி என்று அருணாதேவிக்குப் போன் செய்தேன். "தீபம் முடியட்டும் சார், எல்லாருக்கும் அங்கதான் டூட்டி" என்றார். அண்ணாமலையார் தீபத்துக்கு முன்னால் நான் யார்? ஆனால் நூற்றைந்தாம் நாள் வந்துவிட்டது, போய்க்கொண்டும் இருக்கிறது. நடுவில் ஒரு மழை பிடித்தால் என்னுடையதும் முளைவிட்டுவிடும். ஆகவே காலையில் எழுந்ததும் வெள்ளேரிப்பட்டு மொத்தமும் மலை இருக்கிற திசையைப் பார்க்கிறது. மலை மேல் மேகம் இருந்தால் அவர்களுக்குச் சந்தோஷம், நான் மண்வெட்டியோடு வடிகாலுக்கு ஓடுகிறேன். மேகம் இல்லாவிட்டால் எனக்குச் சந்தோஷம், அவர்கள் என்னைப் பார்க்கிறார்கள். வானத்தை நான்தான் பிடித்து வைத்திருக்கிறேன் என்பதுபோல.

தாங்க முடியாமல் ஒருநாள் ரமணாசிரமத்துப் பக்கம் போய்க் கண்ணை மூடி உட்கார்ந்தேன். அரை மணி நேரம் மனது அடங்கி வந்தது. சராசரி மறந்தது, ஆடு மறந்தது. அப்போது காதோரம் மெல்லிய குரலில், "மாமா, யோசிச்சீங்களா?" என்று கேட்டது. கண்ணைத் திறந்தால் முருகவேல், எனக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு, கண்ணை மூடியபடியே உட்கார்ந்திருக்கிறான். "எப்ப வந்தடா?" என்றேன். "உங்களுக்கு முன்னாடியே வந்துட்டேன் மாமா. வேற எங்க போவீங்க?" என்றான். எதிரில் உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரம்மா ஒருவர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்து உதட்டில் விரலை வைத்தார்.

திட்டினார்கள், கெஞ்சினார்கள், எல்லாவற்றையும் தாங்கினேன். முந்தாநாள் வந்த போனைத்தான் தாங்க முடியவில்லை. முருகவேலின் மகள் நந்தினி, நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள். அந்த ஈடு வந்தால்தான் அவளுக்கு மூன்றாம் வருடம். "மாமா, அப்பா பேச்சக் கேட்டு உங்க வெள்ளாமயக் கெடுத்துடாதீங்க. நீங்க எவ்ளோ பாடுபட்டீங்கன்னு அத்த சொல்லுச்சு. நான் ஒரு வருசம் நின்னு வேலைக்குப் போயிட்டு அப்புறமா படிச்சிக்கிறேன்" என்றாள். இந்தப் பெண்ணாவது என்னைத் திட்டியிருக்கக் கூடாதா? போனை வைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குள் இறங்கினேன். கொத்திவிடலாம் என்றுதான் இறங்கினேன். முதல் பாத்தியில் முதல் செடி. அறுபது வயதுக்கு மேல் நான் முதல் முதலாக வளர்த்த உயிர் அது. கை எழவில்லை. அதோடு, கொத்தினால் அது ஏமாற்று வேலை அல்லவா? பன்னிரண்டு வருடம் ஏமாற்றுக்காரர்களைப் பாதி வழியில் இறக்கிவிட்டவன் நான். கொத்தாவிட்டால் ஒரு ஊரையே இறக்கிவிடுகிறேன். மண்வெட்டியை வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்து அழுதேன், ஐயா. எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் தங்களால் வந்தது தங்களுக்குத் தெரிய வேண்டும்.

ஆகவே தாங்கள் உடனடியாகச் செய்ய வேண்டியது: நன்றாக விளைந்துவிட்ட மணிலாவை நாணயம் கெடாமல் நாலு நாளில் கெடுப்பது எப்படி என்று தங்கள் கேள்வி-பதில் பகுதியில் அல்லது நேரடித் தபாலில் எனக்குத் தெரிவிக்க வேண்டும். உழவன்பித்தன் அவர்கள் வெள்ளேரிப்பட்டுக்கு நேரில் வந்து ஊர்க்கூட்டத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும், வருவதை எனக்கு ஒரு நாள் முன்னதாகச் சொன்னால் கீழ்பென்னாத்தூரில் வேன் பிடித்துத் தருகிறேன். இனிமேல் பலிக்கக்கூடிய யோசனைகளைத் தங்கள் இதழில் வெளியிடும்போது, ஊரோடு கலந்து பேசிவிட்டுப் பின்பற்றவும் என்று ஒரு வரி போட வேண்டும். என் சந்தாவில் மீதியிருக்கும் ஐந்து இதழ்களும் எனக்கு வேண்டாம்.

தங்கள் இதழ் மென்மேலும் விற்கட்டும், வாங்குகிறவர்கள் அதைப் படிக்காமல் இருக்கட்டும் என்று அண்ணாமலையாரையும் உண்ணாமுலை அம்மனையும் வேண்டிக்கொண்டு, தங்கள் இல்லத்துப் பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும் பிள்ளைகளுக்கு என் ஆசியையும் கூறி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
விளைந்ததால் கெட்ட,
மு. காசி.

பின்குறிப்பு: மேலே உள்ளதைத் தீபத்துக்கு முன்னால் எழுதினேன். தபாலாபீஸ் போகிற வழியெல்லாம் கூட்டம், கடிதம் என் சட்டைப் பையிலேயே ஏழு நாள் கிடந்தது. நேற்று பரிசோதனை முடிந்தது. ஆகவே மேலே எழுதியதில் தங்கள் முகவரியைத் தவிர வேறு எதுவும் இப்போது செல்லாது.

அருணாதேவி வந்தார், மூலையிலிருந்து இத்தனை அடி நீளம், இத்தனை அடி அகலம் என்று அளந்து நடந்தார். அவருக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் ஊரே நடந்தது. முளை அடித்துக் கயிறு கட்டினார்கள். முதல் செடியைப் பிடுங்கியதும் கொத்துக் கொத்தாகக் காய் தொங்கியது. ஊர் மொத்தமும் "அய்யோ" என்றது. கஸ்தூரி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். எனக்கு ஒரு நிமிடம் சந்தோஷம், அடுத்த நிமிடம் நந்தினி ஞாபகம். எல்லாவற்றையும் பிடுங்கி, காயை ஆய்ந்து, தராசில் வைத்தார்கள். அருணாதேவி தராசைத் தட்டிப் பார்த்தார். மறுபடி வைத்தார். பிறகு ஒரு காயை எடுத்து நெரித்தார். காலி. இன்னொன்று. காலி. கையளவு எடுத்து நெரித்துப் பார்த்தார், இரண்டே இரண்டு சுருங்கிய பருப்பு. அத்தனையும் பொக்கு.

"ஜிப்சம் போட்டீங்களா சார்?" என்றார்.

"ஜிப்சமா? அது சீலிங்குக்குப் போடறதாச்சேம்மா. வேங்கிக்கால்ல எல்லா வூட்லயும் போட்டுனு இருக்காங்க."

"பூ எடுக்கறப்ப மண்ணுல போட்டு அணைக்கணும் சார். இல்லன்னா எலைதான் வரும், காய்க்குள்ள பருப்பு நிக்காது. எந்தப் பத்திரிகையில மல்லாட்டயப் பத்தி எழுதினாலும் இத எழுதாம இருக்க மாட்டாங்களே."

நான் கொட்டாய்க்கு ஓடினேன். இருபத்துமூன்றாம் பக்கத்தின் அடியில், என் மைதாப் பசை வழிந்து மூடியிருந்த இடத்தை நகத்தால் சுரண்டினேன். பொடி எழுத்தில் 'தொடர்ச்சி 41ஆம் பக்கம்' என்று இருந்தது. பன்னிரண்டு வருடம் மற்றவர்களின் டிக்கெட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தவன், ஐயா, நான்.

திரும்பி வருவதற்குள் ஊர் என்னைத் தூக்கிவிட்டது. எங்கிருந்தோ மாலை வந்தது. "காசிணா காசிணாதான்" என்று கஸ்தூரி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒரு மனிதன் தோற்றதற்கு இவ்வளவு கைதட்டலை நான் கண்டதில்லை. முருகவேல்தான் முதலில் நிறுத்தினான். என்னைக் கீழே இறக்கிவிட்டு, "மாமா, எல்லாருக்கும் ஈடு வரும். உங்களுக்கு மட்டும் ஒண்ணும் இல்லியே மாமா" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். "போயி நந்தினிக்குப் போன் போட்றா" என்று அனுப்பினேன்.

எல்லாரும் போன பிறகு நானும் உண்ணாமலையும் வரப்பில் உட்கார்ந்திருந்தோம். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை. எனக்குச் சந்தேகம் வந்தது.

"மே, உனுக்கு முன்னாடியே தெரியுமா?"

"ஒரு மாசமா தெரியும். நம்பர் வுழறதுக்கு முன்னாடியே ஒரு செடி புடுங்கிப் பாத்தேன். அத்தினியும் பொக்கு."

"ஊரே என்ன உரிச்சி எடுத்துது, ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா?"

"ஊருக்கு ஒண்ணும் ஆவாதுன்னு எனக்குத் தெரியும், அதான் கம்முனு இருந்தேன். மூணு வருசமா டீக்கடையில உங்கள வெச்சி சிரிச்சாங்க. இந்த வருசந்தான் வேலி ஓரமா நின்னு பாத்தாங்க. நீங்களும் காத்தால எழுந்து அயர்ன் பண்ண சட்டயப் போட்டுனு நெலத்துக்குப் போனீங்க. அத எதுக்கு நான் கெடுக்கணும்?" என்றாள். பிடுங்கிப் போட்ட செடிகளை ஒரு ஓரமாகக் குவித்துவிட்டு, "எனக்குந்தான். எங்க ஊர்லயே ஒசந்த வெள்ளாமக்காரன் பொண்டாட்டின்னு ஒரு மாசம் இருந்தேன் இல்ல? நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள்.

எனவே, ஐயா, என் புகார் அனைத்தையும் வாபஸ் வாங்குகிறேன். உழவன்பித்தன் அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. சந்தாவையும் நிறுத்த வேண்டாம். மீதி ஐந்து இதழ்களையும் இதே முகவரிக்கு, ஆனால் 'திருமதி கா. உண்ணாமலை, விவசாயி' என்று பெயர் போட்டு அனுப்பிவைக்கவும்.